டிரம்முக்குள் கல் எங்கே இருக்கிறது

சுற்றுகிறதெல்லாம் கலக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் நீங்கள் எல்லோரும் இந்த வேலைக்கு வருகிறீர்கள். ரெடிமிக்ஸ் லாரியின் முதுகில் அந்தப் பெரிய டிரம் சுற்றிக்கொண்டிருந்தால் போதும், உள்ளே சிமெண்டும் மணலும் ஜல்லியும் கூடிக் குலவிக்கொண்டிருக்கும் என்று உங்களுக்கு ஒரு நிம்மதி. லாரியைக் கேட் தாண்டி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறீர்கள். போன மாதம் பி.எஃப். வேலையாகக் கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருக்கும் நம் பிளாண்டுக்கு வந்திருந்தேன். லேபில் உட்கார்ந்திருந்த புது இன்ஜினியர் ஒருவரிடம், "சுத்தற டிரம்முக்குள்ள கல் எங்க இருக்கும்?" என்று கேட்டேன். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "எல்லா இடத்துலயும் இருக்கும் மேடம்" என்றார். நான் கடவுளைப் பற்றிக் கேட்டேன் என்று நினைத்துவிட்டார் போல.

அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டிப்ளமோ படித்தவள். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவது என் வேலை. அதனால் பணியில் இருந்த காலம் முழுக்க என்னைக் கண்டால் காண்ட்ராக்டர்களுக்கு முகம் சுருங்கும். ஓய்வு பெற்ற பிறகு அந்த முகங்களைப் பார்க்க முடியவில்லையே என்பது ஒன்றுதான் எனக்குக் குறை.

முதலில் கல் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்லூரியில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், சொல்லியிருந்தாலும் அன்று நீங்கள் லீவு. டிரம் சுற்றும்போது அதன் ஒரு பக்கம் மேலே ஏறுகிறது, மறுபக்கம் கீழே இறங்குகிறது. ஏறும் பக்கத்தில் சிமெண்டுக் கூழ் கல்லைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கும். கல் தன் கனத்தால் கீழே நழுவப் பார்க்கும். கூழ் கெட்டியாக இருந்தால் இரண்டும் சரிக்குச் சரி. கல் மேலேயும் போகாமல் அடியிலும் தங்காமல், ஏறும் பக்கத்திலேயே சின்னதாக வட்டம் போட்டுக்கொண்டு தொங்கும். கூழில் தண்ணீர் கூடிவிட்டால் அதற்குப் பிடிமானம் போய்விடும். கல் நழுவி, சாய்ந்து கிடக்கும் டிரம்மின் தாழ்ந்த வயிற்றுக்குள் போய்ச் சேரும். அதற்கப்புறம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கல் கல்லோடு புரளும், கூழ் அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். நீங்கள் கலக்குவதாக நினைத்துப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். உள்ளே கிளறுவதற்குத் தகடுகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். ரசத்துக்குள் கரண்டி சுற்றினால் பருப்பு மிதந்துவிடுமா என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இப்படிப் பிரிந்துபோன கலவையை வெளியே விட்டால் முதலில் வருவது வெறும் கூழ். பார்க்க அழகாக இருக்கும். நம் பக்கத்தில் இதை வைத்து ஒரு சடங்கே நடக்கிறது. அதிகாரி வந்தால் முதல் சட்டியை எடுத்து அவர் கண்முன் நீட்டுவார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சொஜ்ஜி நீட்டுவது மாதிரி. அவரும் விரலால் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டி, இளநீர் குடித்துவிட்டுப் போவார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் முதல் சட்டிக்காரர்தான். "மூஞ்சப் பாத்தாலே தெரிஞ்சிடும்மா, முழுசா எதுக்குப் பாக்கணும்?" என்பார். நல்ல மனிதர். அவர் பார்த்துச் சரி சொன்ன எந்தக் கட்டடத்துக்குள்ளும் நான் இன்றுவரை காலெடுத்து வைத்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலை தாண்டி ஓர் ஓடை. அதன் அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். அந்த ஓடைக்கு இரண்டு கண் பாலம் கட்டினார்கள். ஒரு கண்ணுக்கு ஒரு லாரிக் கலவை போதும், அவ்வளவு சின்னப் பாலம். அந்த ஊரின் வார்டு மெம்பர் சின்னப்பொண்ணு. பாலம் வேண்டும் என்று அலைந்து திரிந்து வாங்கியவர் அவர்தான். அவருடைய வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கள்ளக்குறிச்சிக்கு வந்து ஆஸ்பத்திரி இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டும். ஓடையில் தண்ணீர் குறைவாக இருந்தால் ஜீப் இறங்கி ஏறிவிடும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஜீப் இறங்காது. அவருக்கோ ஒரு முறை தவறினாலும் ஆபத்து. மழைக்கு முன்னால் பாலம் முடிய வேண்டும் என்று சின்னப்பொண்ணு தினமும் வேலை நடக்கும் இடத்தில் வந்து நின்றது இதற்காகத்தான்.

புரட்டாசி முடியப்போகிற சமயம். காலையில் முதல் லாரி வந்தது. நடுவில் எடுத்துப் பார்த்தேன், கலவை குறை சொல்ல முடியாமல் இருந்தது. முதல் கண்ணுக்குத் தளம் போட்டு மூடினோம். சின்னப்பொண்ணு சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டில் மலைத்தேன் கொண்டுவந்து என் கையில் வைத்தார். இரண்டாவது லாரி மதியத்துக்குள் வர வேண்டியது. மலைப்பாதையின் ஒரு வளைவில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி அச்சு முறிந்து வழியை அடைத்துக்கொண்டது. அதன் பின்னால் நம் லாரி டிரம்மைச் சுற்றிக்கொண்டே வெயிலில் நின்றது. நான் பாலத்தருகே காத்திருந்தேன். காண்ட்ராக்டர், "நான் போயி கெளப்பி இட்டாறேன்" என்று தன் காரை எடுத்துக்கொண்டு கீழே போனார். காண்ட்ராக்டர் ஒருவர் தானாக முன்வந்து வெயிலில் போகிறார் என்றால் நீங்கள் அப்போதே சந்தேகப்பட வேண்டும்.

சாயங்காலம் லாரி ஏறி வந்தது, பின்னாலேயே காண்ட்ராக்டரின் கார். திருப்பத்தில் தலை தெரிவதற்கு முன்பே எனக்குச் சத்தம் கேட்டுவிட்டது. நல்ல கலவை டிரம்முக்குள் சளப்சளப் என்று புரளும், எருமை சேற்றில் திரும்பிப் படுப்பது மாதிரி. இது கடகடவென்று தகரத்தில் கல் உருளும் சத்தம். உங்களுக்கெல்லாம் காது என்று ஒன்று இருப்பதே பாட்டு கேட்பதற்கு என்று ஆகிவிட்டது, அதனால் சொல்கிறேன்.

டிரைவர் ஏழுமலை இறங்கினார்.

"தண்ணி ஊத்துனியா ஏழுமல?"

"இல்லீங்களே மேடம். நான் எதுக்கு ஊத்தப் போறேன்?"

லாரியிலேயே ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும், அளவு பார்க்கப் பக்கத்தில் கண்ணாடிக் குழாய் இருக்கும். பிளாண்டில் கிளம்பும்போது நிரப்பித்தான் அனுப்புவோம். இப்போது குழாயில் ஒரு சொட்டு இல்லை.

"அப்ப இத்த யாரு குடிச்சது?"

ஏழுமலை காண்ட்ராக்டரைப் பார்த்தார். காண்ட்ராக்டர் மலையைப் பார்த்தார்.

கடைசியில் அவரே, "கலவ இறுகிக்கினு வந்துச்சி மேடம். நான்தான் ஊத்தச் சொன்னேன்" என்றார். "நல்லா வேகமா சுத்தவும் சொல்லிட்டேன். எல்லாம் ஒண்ணாயிருக்கும். நீங்க மொதல்ல பாருங்க, அப்புறம் பேசுங்க." ஒரு சட்டியை லாரிக்குப் பின்னால் பிடித்து, கொஞ்சம் இறக்கச் சொல்லி, என் முன்னால் நீட்டினார். "அல்வா மாதிரி வருது. இதுக்கு மேல இன்னா வோணும்?"

"இதுல ஜல்லி எங்க?"

"உள்ள இருக்குதுங்க. பின்னால வரும்."

"பின்னால அது மட்டும்தான் வரும். பாலத்துல ஒரு மூலைக்குப் பாயசம், இன்னொரு மூலைக்குக் கல்லுக் குவியலா?"

"மேடம், நீங்க ஜாஸ்தி யோசிக்கிறீங்க" என்றார். என் பணிக்காலத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். குறைவாக யோசித்ததற்காக அவர்களில் ஒருவரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

பாதி வரை கீழே கொட்டி நடுக்கலவையைப் பார்ப்போம் என்றேன். பாதியைக் கொட்டினால் மீதி எதற்குப் பற்றும் என்று குதித்தார். உடனே பிளாண்ட் முதலாளிக்குப் போன் போட்டு என் காதில் வைத்தார். முதலாளி, "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா" என்றார். இந்தத் தொழிலில் இடிந்து விழுந்த எதையும் நோண்டிப் பாருங்கள், அடியில் இந்த வார்த்தை கிடக்கும்.

அதற்குள் சின்னப்பொண்ணு வந்துவிட்டார். "இன்னா ஆச்சி இன்ஜினியரம்மா? ஏன் கொட்டாம நிக்கிறீங்க?"

காண்ட்ராக்டர் முந்திக்கொண்டார். "மெம்பரு, பாலம் இன்னிக்கே முடிஞ்சிடும். மேடம்தான் வோணாங்கறாங்க."

சின்னப்பொண்ணு என்னை ஒரு பார்வை பார்த்தார். நியாயமான பார்வை. நேரமும் இல்லை. டிரம்முக்குள்ளேயே இறுகிவிட்டால் லாரியும் வீணாகும். என்ன சொல்லி விளக்குவது என்று தெரியாமல், நான் வந்த காரிலிருந்து அவர் கொடுத்த தேன் பாட்டிலை எடுத்தேன். பட்டாணி அளவு கல் ஒன்றை உள்ளே போட்டு மூடி, பாட்டிலைப் படுக்கைவாக்கில் பிடித்து, இரண்டு கை விரல்களாலும் நிதானமாகச் சுற்றினேன். கல் விழவில்லை. தேனின் நடுவில், ஏறும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, அந்தரத்தில் நின்றது. கம்பி கட்டியவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு பாதித் தேனைக் கீழே ஊற்றிவிட்டு, அந்த அளவுக்குத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதே மாதிரி சுற்றினேன். கல் அடியில் போய்க் கண்ணாடியில் கடகடவென்று உருண்டது. வேகமாகச் சுற்றினேன், சத்தம்தான் கூடியது.

"இந்தச் சத்தம்தான் லாரிக்குள்ள கேக்குது. காது வெச்சிக் கேளுங்க" என்றேன்.

சின்னப்பொண்ணு நிஜமாகவே டிரம் அருகில் போய் நின்று கேட்டார். காண்ட்ராக்டர், "தேன வெச்செல்லாம் பாலம் கட்ட முடியுங்களா மேடம்?" என்று சிரித்தார். கூட நின்றவர்கள் சிலரும் சிரித்தார்கள்.

சின்னப்பொண்ணு திரும்பி வந்தார். அவர் சிரிக்கவில்லை. "பாட்டில்ல பாத்தாச்சிம்மா. மழ எறங்கிட்டா நான் அவர எப்புடி இட்டுக்கினு போவேன்? அத்தச் சொல்லுங்க."

"இத்த ஊத்துனா பாலம்னு ஒண்ணு இருக்கும். அவரு ஜீப்புல போறப்ப அது நிக்குமான்னு கேட்டா நான் நிக்கும்னு சொல்ல மாட்டேன்" என்றேன். அவர் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் ஏழுமலையிடம், லாரியைப் பாதையோரத்துப் பொட்டலுக்கு எடுத்துப் போய் முழுதையும் கொட்டச் சொன்னேன். "எம்மேல பழி வருங்களா மேடம்?" என்று கேட்டார். என் மேல்தான் வரும் என்றேன். உடனே வண்டியில் ஏறிவிட்டார். திட்டு வாங்கப்போவது வேறு ஆள் என்று தெரிந்தால் எல்லோரும் நேர்மையாளர்கள்தான். முதலில் கூழ் கஞ்சி மாதிரி ஓடியது. போகப் போகக் கெட்டியானது. கடைசியில் ஜல்லி சலசலவென்று மூட்டையைக் கவிழ்த்த மாதிரி கொட்டியது. கூழ் ஒட்டாத வெறும் கல். காண்ட்ராக்டர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "கல்லு கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்குது" என்றார். மன்னிப்புக் கேட்பதாக அவருக்கு நினைப்பு. அந்தக் குவியல் இறுகி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஒரு முனை மொழுமொழுவென்று இருக்கும், மறுமுனையில் கல்லைக் கையாலேயே பெயர்க்கலாம். வெள்ளிமலைக்குப் போனால் செல்ஃபி எடுக்கும் நேரத்தில் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

மறுநாள் காலையில் வேறு லாரி அனுப்புவதாகப் பேசி முடித்தோம். விடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருடம் ஐப்பசி வரைக்கும் காத்திருக்க அதற்குப் பொறுமை இல்லை. ஓடை பெருகி, இரண்டாவது கண்ணுக்கு முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கம்புகளையும் பலகைகளையும் அடித்துக்கொண்டு போனது. முதல் கண் மட்டும் ஓடையின் நடுவரைக்கும் நீண்டு, எங்கேயும் போய்ச் சேராமல் நின்றது. பிளாண்டில் அதற்கு 'மேடம் பாலம்' என்று பெயர் வைத்தார்கள். நான் நுழைந்தால் பேச்சு நிற்கும், வெளியே வந்தால் சிரிப்பு கேட்கும். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். சரியாகச் செய்தால் நல்லது நடக்கும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் அவர் கலவை பார்த்தவர் இல்லை.

சின்னப்பொண்ணு வீட்டைப் பூட்டிவிட்டு, வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியேறினார். அவரை இயந்திரத்தில் படுக்க வைத்தால் எடுக்கும் வரைக்கும் மணிக்கணக்கில் ஆகும். முதல் வாரமே, அந்த இடைவெளியில் ஷேர் ஆட்டோ பிடித்து நேராக என் லேபுக்கு வந்துவிட்டார்.

"நல்லா இருக்குதாம்மா உங்களுக்கு? கொல்லையில சாமை அறுக்காமக் கெடக்குது. மாடு யாரு வூட்டுலயோ நிக்குது. நான் இங்க ஒரு ரூம்புக்குள்ள குந்திக்கினு அந்த மனுசன் மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கறேன். அவரு ராவெல்லாம் பாலம் பாலம்னு பொலம்பறாரு."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் திட்டினார். நேரமானதும் எழுந்து போய்விட்டார். அடுத்த முறையும் வந்தார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. திட்டு குறையக் குறைய, லாரிகள் நிரம்புவதையும் நான் நடுவில் சேம்பிள் எடுப்பதையும் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். எதையும் கேட்கமாட்டார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்ப்பார்.

ஒரு நாள் அவராகவே பேசினார். "ஆஸ்பத்திரியிலயும் ஒண்ணு சுத்திக்கினுதாம்மா இருக்குது. அவரு ரத்தம் ஒரு ட்யூப்புல வந்து, சின்னச் சக்கரம் ஒண்ணு சுத்திச் சுத்தித் தள்ளுது. அந்த நர்ஸம்மா அப்பப்ப வந்து குனிஞ்சி பாத்துட்டுப் போவுது. அதான் சுத்துதேம்மா, எதுக்குச் சும்மா வந்து பாக்குறன்னு ஒரு நாளு கேட்டுட்டேன். சுத்துதுன்னா சரியாயிருக்குதுன்னு அர்த்தமான்னு என்னியத் திருப்பிக் கேக்குது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டியதில்லை. வெளியே ஒரு டிரைவர் ஹாரன் அடித்தார், எழுந்து போய் அவரிடம் காட்டுக் கத்தல் கத்திவிட்டு வந்தேன்.

இப்போது அந்தப் பாலத்தின் இரண்டு கண்ணையும் தாண்டி ஜீப் போகிறது. சின்னப்பொண்ணின் வீட்டுக்காரர் முன் சீட்டில் உட்கார்ந்து போய் வருகிறார். இரண்டாவது கண் போட்ட நாளைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். தை மாதம், ஓடையில் கணுக்கால் தண்ணீர். சின்னப்பொண்ணும் அவர் வீட்டுக்காரரும் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். வீட்டுக்காரர் மறுகரையில் ஜீப்புக்குள் உட்கார்ந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அதே காண்ட்ராக்டர், அதே ஏழுமலை, அதே லாரி. இந்த முறை வழியில் எதுவும் அடைத்துக்கொள்ளவில்லை. டிரம் சளப்சளப் என்று வந்தது. அதிகாரிகளும் இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

காண்ட்ராக்டர் ஓடிப் போய் முதல் சட்டியைப் பிடித்தார். அதிகாரிகளிடம் போகிற வழியில் சின்னப்பொண்ணு நின்றுகொண்டிருந்ததால், மரியாதைக்கு முதலில் அவரிடம் நீட்டினார். "பாருங்க மெம்பரு. அல்வா."

சின்னப்பொண்ணு குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"மொதல்ல வர்றத எனுக்குக் காட்டாத. அத்தக் கீழ கொட்டு. நடுவுல வர்றத எடுத்துக்கினு வா."

அதிகாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டு லாரிக்குப் பின்னால் போனார். காண்ட்ராக்டர் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதாவது சொல்லுங்கள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

நான் மலையைப் பார்த்தேன்.